அச்சாணி போன்ற ஒரு சிறு பாகம்

'அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது' என்பது பழமொழி. தேர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், எத்தனை பேர் வடம் பிடித்தாலும், சக்கரம் கழன்றுவிடாமல் காப்பது ஒரு சிறிய ஆணிதான். தேரைப் பார்ப்பவர்கள் அதன் உயரத்தையும் அலங்காரத்தையும் பார்ப்பார்கள். அச்சாணியை யாரும் பார்ப்பதில்லை. அது இல்லாதபோதுதான் அதன் அருமை தெரியும்.

இன்றைய காருக்கும் இந்தப் பழமொழி பொருந்தும். சிறிய திருகுகளையும் சேர்த்து எண்ணினால் ஒரு காரில் ஏறத்தாழ 30,000 பாகங்கள் இருக்கும் என்பார்கள். அவற்றுள் பெரும்பாலானவற்றைக் கார் உரிமையாளர் தம் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. அப்படிப்பட்ட பாகங்களுள் ஒன்றுதான் எரிபொருள் பம்பு. கைக்குள் அடங்கும் அந்தச் சிறு பாகத்தில் ஏற்பட்ட குறையால், கடந்த சில ஆண்டுகளில் உலகம் முழுவதும் மில்லியன் கணக்கான கார்கள் பழுதுபார்ப்பு நிலையங்களுக்குத் திரும்ப அழைக்கப்பட்டன. ஏன் அப்படி நடந்தது? அத்தகைய அறிவிப்பு வரும்போது கார் வைத்திருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்?

மீட்டுக்கொள்ளுதல் என்றால் என்ன?

கடைகளில் விற்கப்படும் ஓர் உணவுப்பொருளில் குறை இருப்பது தெரியவந்தால், அதை மீட்டுக்கொள்ளும்படி அதிகாரிகள் உத்தரவிடுவதைச் செய்திகளில் படித்திருப்போம். வாகனங்களுக்கும் இதே முறை உண்டு. ஒரு குறிப்பிட்ட காலத்தில் தயாரிக்கப்பட்ட வாகனங்களில் பாதுகாப்பைப் பாதிக்கும் குறை இருப்பதாகத் தெரியவந்தால், உற்பத்தியாளர் அதை வெளிப்படையாக அறிவித்து, அந்தக் குறையைத் தம் செலவிலேயே சரிசெய்து தர வேண்டும். இதுவே வாகனங்களை மீட்டுக்கொள்ளுதல் எனப்படுகிறது.

'மீட்டுக்கொள்ளுதல்' என்ற சொல்லைக் கேட்டதும், காரை நிறுவனம் நிரந்தரமாக எடுத்துக்கொள்ளும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. குறையுள்ள பாகம் மட்டுமே சோதிக்கப்படும் அல்லது மாற்றப்படும். வேலை முடிந்ததும் கார் உரிமையாளரிடமே திரும்பிவிடும். அதேபோல், மீட்டுக்கொள்ளும் அறிவிப்பு வந்துவிட்டதால் அந்த நிறுவனத்தின் கார்கள் எல்லாமே மோசமானவை என்றும் முடிவுகட்டக் கூடாது. குறையை மறைக்கும் நிறுவனத்தைவிட, அதை ஒப்புக்கொண்டு திருத்தும் நிறுவனமே நம்பத்தக்கது.

பம்பு செய்யும் வேலை

பெட்ரோலில் ஓடும் காரில் எரிபொருள் தொட்டி பொதுவாகப் பின்பக்கத்தில் இருக்கும். எஞ்சினோ பெரும்பாலும் முன்பக்கத்தில் இருக்கும். தொட்டியில் உள்ள பெட்ரோல் தானாக முன்னோக்கி ஓடாது. அதை உறிஞ்சி, தேவையான அழுத்தத்துடன் குழாய் வழியே எஞ்சினுக்கு அனுப்புவதே எரிபொருள் பம்பின் வேலை. நம் உடலில் இதயம் இரத்தத்தை இறைப்பதுபோல், கார் ஓடும் நேரமெல்லாம் பம்பு பெட்ரோலை இறைத்துக்கொண்டே இருக்கிறது.

இக்காலக் கார்களில் இந்தப் பம்பு எரிபொருள் தொட்டியின் உள்ளேயே, பெட்ரோலில் மூழ்கியவாறு பொருத்தப்பட்டிருக்கும். அதற்குள் ஒரு சிறிய மின்விசைப்பொறி உண்டு. அது, ஓரங்களில் பற்கள் போன்ற இதழ்களைக் கொண்ட ஒரு வட்டமான சுழல்தட்டை மிக வேகமாகச் சுழற்றும். தட்டு சுழலும்போது பெட்ரோல் முன்னோக்கித் தள்ளப்படும். இந்தச் சுழல்தட்டு நெகிழியால் ஆனது. தட்டுக்கும் அதைச் சுற்றியுள்ள உறைக்கும் இடையே இருக்கும் இடைவெளி மிக மிகக் குறுகியது. இடைவெளி அதிகமானால் அழுத்தம் குறைந்துவிடும். இடைவெளியே இல்லாமல் போனால் தட்டு உறையில் உரசி நின்றுவிடும்.

குறை எங்கே நேர்ந்தது?

ஜப்பானைச் சேர்ந்த டென்சோ, வாகன உதிரிப்பாகங்களைத் தயாரிக்கும் உலகின் மிகப் பெரிய நிறுவனங்களுள் ஒன்று. அது தயாரித்த எரிபொருள் பம்புகள் பல நிறுவனங்களின் கார்களில் பொருத்தப்பட்டன. அந்தப் பம்புகளுள் ஒரு பகுதியில் இருந்த சுழல்தட்டுகள், வார்க்கப்பட்டபோது போதிய அடர்த்தியைப் பெறவில்லை. அடர்த்தி குறைந்த நெகிழி, பெட்ரோலில் நாள்பட ஊறும்போது அதை உறிஞ்சிக்கொள்கிறது. ஈரமான மரக்கதவு மழைக்காலத்தில் உப்பி, நிலையோடு இறுகிக்கொள்வதை நம்மில் சிலர் பார்த்திருப்போம். சுழல்தட்டுக்கும் அதே நிலைதான். அது உப்பி, வடிவம் மாறி, உறையில் உரசத் தொடங்குகிறது. முடிவில் பம்பு நின்றுவிடுகிறது. பம்பு நின்றால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போகாது. எஞ்சின் அணைந்துவிடும்.

இந்தக் குறையின் தன்மையை நன்கு கவனிக்க வேண்டும். கார் புதிதாக இருக்கும்போது எல்லாம் சரியாகவே இருக்கும். உரிமையாளர் முறையாகப் பராமரித்தாலும், மெதுவாக ஓட்டினாலும், தட்டு உப்புவதைத் தடுக்க முடியாது. குறை காரோடு பிறந்தது. அது வெளிப்படுவதற்கு மாதங்களோ ஆண்டுகளோ ஆகலாம். ஆகவேதான், 'என் கார் நன்றாகத்தானே ஓடுகிறது' என்பது இந்த அறிவிப்பை ஒதுக்கித்தள்ளச் சரியான காரணம் ஆகாது.

எண்கள் சொல்லும் செய்தி

2020ஆம் ஆண்டு ஜனவரியில் டொயோட்டா நிறுவனம், அமெரிக்காவில் ஏறத்தாழ 700,000 வாகனங்களை இந்தக் குறைக்காக மீட்டுக்கொள்வதாக அறிவித்தது. இரண்டே மாதங்களில் அந்த எண்ணிக்கை அங்கு 1.8 மில்லியனாக உயர்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில் பட்டியல் மேலும் நீண்டது. அப்போது உலகளவில் பாதிக்கப்பட்ட டொயோட்டா, லெக்ஸஸ் வாகனங்களின் எண்ணிக்கை 5.84 மில்லியனைத் தொட்டது. ஹோண்டா நிறுவனமும் இதே பம்புக்காகப் பலமுறை வாகனங்களை மீட்டுக்கொண்டது. 2023 டிசம்பரில் அது வெளியிட்ட அறிவிப்பு மட்டுமே உலகம் முழுவதும் ஏறத்தாழ 4.5 மில்லியன் வாகனங்களை உள்ளடக்கியது.

இந்தியாவிலும் எரிபொருள் பம்பு தொடர்பான அறிவிப்புகள் அடுத்தடுத்து வந்தன. 2020 ஜூன் மாதம் ஹோண்டாவின் இந்திய நிறுவனம் 65,651 கார்களை மீட்டுக்கொண்டது. அடுத்த மாதமே மாருதி சுசுகி நிறுவனம், வேகன் ஆர், பலேனோ ஆகிய இரு வகைகளிலும் சேர்த்து 134,885 கார்களைச் சோதனைக்கு அழைத்தது. 2021 ஏப்ரலில் மேலும் 77,954 கார்களுக்கும், 2024 அக்டோபரில் மேலும் 90,468 கார்களுக்கும் பம்பை மாற்றித் தருவதாக ஹோண்டா அறிவித்தது. 2024ஆம் ஆண்டு அறிவிப்பில் இன்னொரு செய்தியும் இருந்தது. முன்பு வேறு காரணத்துக்காகப் பம்பை மாற்றியபோது, குறையுள்ள பம்பையே உதிரிப்பாகமாகப் பெற்றுக்கொண்ட 2,204 பழைய கார்களும் அதில் சேர்க்கப்பட்டன.

இந்த எண்களிலிருந்து மூன்று பாடங்களைக் கற்கலாம். முதலாவது, ஓர் உதிரிப்பாகத்தைப் பல நிறுவனங்கள் ஒரே இடத்தில் வாங்குவதால், ஓர் ஆலையில் நேரும் பிழை பல நாடுகளின் சாலைகளுக்குப் பரவுகிறது. இரண்டாவது, பட்டியல் ஒரே நாளில் முழுமையாவதில்லை. ஆராய்ச்சி தொடரத் தொடர, புதிய வகைகளும் புதிய ஆண்டுகளும் சேர்க்கப்படுகின்றன. முதல் பட்டியலில் இல்லாத கார் அடுத்த பட்டியலில் இருக்கக்கூடும். மூன்றாவது, பழைய கார் என்பதால் மட்டும் கவலையற்று இருக்க முடியாது. அதனுள் எப்போது, எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆபத்து எப்படி நேர்கிறது?

எஞ்சின் அணைவது பெரிய ஆபத்தா என்று கேட்கலாம். கார் நிறுத்துமிடத்தில் அணைந்தால் அது வெறும் தொல்லைதான். ஆனால் விரைவுச்சாலையில் அணைந்தால் நிலைமை வேறு. ஆங் மோ கியோ வழியாக நகருக்குச் செல்லும் மத்திய விரைவுச்சாலையை நினைத்துப் பார்க்கலாம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார், ஒரு வினாடியில் ஏறத்தாழ 22 மீட்டர் தூரத்தைக் கடக்கிறது. முன்னால் செல்லும் கார் வேகத்தை இழந்து நிற்பதைப் பின்னால் வருபவர் உணர்வதற்கு இரண்டு வினாடி தாமதமானாலும், அதற்குள் அவருடைய வாகனம் 44 மீட்டர் முன்னேறியிருக்கும். அது ஓட்டுவது கனரக வாகனமாக இருந்தால், நிற்பதற்கு இன்னும் நீண்ட தூரம் தேவைப்படும்.

இது வெறும் கற்பனை அன்று. 2023 ஜூலையில் ஜப்பானின் தொத்தோரி மாநிலத்தில், எரிபொருள் பம்பு செயலிழந்ததால் ஒரு கார் சாலையில் நின்றுபோனது. பின்னால் வந்த வாகனம் அதன்மீது மோதியதில் ஒருவர் உயிரிழந்தார். கைக்குள் அடங்கும் ஒரு நெகிழித் தட்டின் குறை, ஒரு குடும்பத்துக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பாக முடிந்தது.

எஞ்சின் அணையும்போது காரை ஓட்டுபவருக்கும் சில மாற்றங்கள் தெரியும். திசைமாற்றுச் சக்கரம் வழக்கத்தைவிடக் கனமாக இருக்கலாம். பிரேக்கை அழுத்த அதிக பலம் தேவைப்படலாம். பிரேக் வேலை செய்யவில்லை என்று எண்ணிப் பதறாமல், அதை உறுதியாக அழுத்த வேண்டும்.

கார் தரும் முன்னறிவிப்புகள்

பம்பு பழுதாகும்போது சில கார்கள் முன்னதாகவே அறிகுறிகளைக் காட்டும். முகப்புப் பலகையில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியலாம். எஞ்சின் சீராக ஓடாமல் குலுங்கலாம். ஏற்றத்தில் செல்லும்போதோ வேகத்தைக் கூட்டும்போதோ கார் தயங்கலாம். காலையில் எஞ்சினை முடுக்கும்போது ஒரே முயற்சியில் உயிர்பெறாமல் இருக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்து, மீண்டும் முடுக்க முடியாமல் போகலாம்.

இத்தகைய அறிகுறிகளுக்கு வேறு பல காரணங்களும் உண்டு. எனவே, 'இது பம்பின் குறைதான்' என்று நாமே முடிவுசெய்யக் கூடாது. அதே நேரத்தில், அறிகுறி எதுவும் தெரியவில்லை என்பதால் குறை இல்லை என்றும் கருதக் கூடாது. சிங்கப்பூரில் 3 ஆண்டைத் தாண்டிய கார்கள் 10 ஆண்டுவரை ஈராண்டுக்கு ஒருமுறையும், 10 ஆண்டைக் கடந்தவை ஆண்டுதோறும் கட்டாயச் சோதனைக்குச் செல்கின்றன. அந்தச் சோதனை மிகவும் பயனுள்ளது. ஆனால் எரிபொருள் தொட்டிக்குள் மூழ்கிக்கிடக்கும் சுழல்தட்டு உப்பியுள்ளதா என்பதை அது காட்டாது. அதைத் தெரிந்துகொள்ள உதவுவது மீட்டுக்கொள்ளும் அறிவிப்பே.

மாமாவுக்கு வந்த கடிதம்

எடுத்துக்காட்டாக, ஆங் மோ கியோவில் அடுக்குமாடி வீட்டில் வாழும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். உயர்நிலை மூன்றில் படிக்கும் மாணவியின் தாய்மாமா, தனியார் வாடகைக் கார் ஓட்டுநர். அவருடைய கார், இன்னொருவரிடமிருந்து வாங்கப்பட்டது. ஒருநாள் காலணி அலமாரியின் மேல் விளம்பரத் தாள்களோடு கிடந்த ஒரு கடிதத்தை மாணவி பார்க்கிறாள்.

"மாமா, இந்தக் கடிதத்தை நீங்கள் பிரித்துப் பார்க்கவில்லையா?"

"அது ஏதாவது விளம்பரமாக இருக்கும், அம்மா. கார் பராமரிப்புக்குச் சலுகை என்று அடிக்கடி அனுப்புகிறார்கள்."

"இது விளம்பரம் இல்லை, மாமா. உங்கள் காரின் எரிபொருள் பம்பில் குறை இருக்கலாமாம். அதைக் கட்டணம் இல்லாமல் மாற்றித் தருகிறார்களாம். உங்கள் காரின் எண்ணும் இதில் இருக்கிறது."

மாமா கடிதத்தை வாங்கிப் பார்க்கிறார். அவருடைய முகத்தில் யோசனை படர்கிறது. "கார் நன்றாகத்தான் ஓடுகிறது. காரைக் கொண்டுபோய் விட்டால் அரைநாள் வருமானம் போய்விடும். இந்த மாதம் வாடகை, காப்புறுதி எல்லாம் கட்ட வேண்டும். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்."

"மாமா, நேற்று இரவு விமான நிலையத்துக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிச் சென்றதாகச் சொன்னீர்கள். பின்னிருக்கையில் கைக்குழந்தை இருந்ததாகவும் சொன்னீர்கள். விரைவுச்சாலையில் கார் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?"

மாமா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தத் தொலைபேசி எண்ணைப் படி, அம்மா. பயணிகள் குறைவாக இருக்கும் நேரமாகப் பார்த்து முன்பதிவு செய்கிறேன்" என்கிறார்.

மாமாவின் தயக்கத்தைப் பொறுப்பின்மை என்று ஒதுக்கிவிட முடியாது. காரையே நம்பிப் பிழைப்பவர்களுக்கு அரைநாள் என்பது உண்மையான இழப்பு. மருந்தகத்துக்குப் பொருள் கொண்டுசெல்பவர், உணவு விநியோகம் செய்பவர், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்பவர் எனப் பலருக்கும் இதே சிக்கல் உண்டு. ஆனால் வழியில் கார் நின்றுவிட்டால் இழப்பு அரைநாளோடு முடியாது. நாமே தேர்ந்தெடுக்கும் ஓர் அரைநாள், எதிர்பாராமல் வந்துசேரும் ஒரு விபத்தைவிட எப்போதும் மேலானது.

உரிமையாளர் செய்ய வேண்டியவை

முதலில், தம் கார் பட்டியலில் உள்ளதா என்பதை உறுதிப்படுத்த வேண்டும். காரின் பெயரும் நிறமும் தெரிந்தால் மட்டும் போதாது. ஒரே வகைக் காரில், ஒரு மாதத்தில் தயாரிக்கப்பட்டவை பட்டியலில் இருக்கும். அடுத்த மாதத்தில் தயாரிக்கப்பட்டவை இல்லாமல் இருக்கும். ஆகவே, காரின் பதிவு எண்ணையும் அடிச்சட்ட எண்ணையும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அடிச்சட்ட எண் என்பது ஒவ்வொரு காருக்கும் உரிய தனி அடையாளம். அது வாகனப் பதிவு விவரங்களிலும் காரின் உடலிலும் காணப்படும். காரை விற்ற முகவரைத் தொடர்புகொண்டு இந்த எண்களைத் தெரிவித்தால், அவர்கள் சோதித்துச் சொல்வார்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் இணையத்தளமும் வாகனங்களை மீட்டுக்கொள்வது பற்றிய தகவல்களைத் தருகிறது.

இரண்டாவதாக, பழைய காரை வாங்கியவர்கள் கடிதம் வரும்வரை காத்திருக்கக் கூடாது. முந்தைய உரிமையாளரின் முகவரிக்கே கடிதம் சென்றிருக்கக்கூடும். வெளிநாட்டிலிருந்து வேறு இறக்குமதியாளர் கொண்டுவந்த காராக இருந்தால், அவரிடமும் கேட்டறிய வேண்டும். முன்பு வந்த அறிவிப்பின்படி வேலை செய்யப்பட்டுவிட்டதா என்பதற்குச் சான்று கேட்பதும் நல்லது. வீடு மாறியவர்கள் தம் புதிய முகவரியைத் தெரிவிக்க மறக்கக் கூடாது.

மூன்றாவதாக, விரைவாக முன்பதிவு செய்ய வேண்டும். மில்லியன் கணக்கான கார்களுக்கு ஒரே நேரத்தில் புதிய பம்புகள் கிடைத்துவிடா. பாகம் வரும்வரை காத்திருக்க நேரலாம். அந்த இடைக்காலத்தில் காரை ஓட்டலாமா, என்னென்ன எச்சரிக்கையோடு ஓட்ட வேண்டும் என்று முகவரிடம் தெளிவாகக் கேட்க வேண்டும். அறிகுறி ஏதேனும் தெரிந்தால் காரை ஓட்டுவதை நிறுத்திவிட்டு உடனே தெரிவிக்க வேண்டும்.

நான்காவதாக, வேலையை உரிய இடத்தில் செய்துகொள்ள வேண்டும். ஆங் மோ கியோ தொழிற்பேட்டைகளில் திறமையான வாகனப் பட்டறைகள் பல உள்ளன. ஆங் மோ கியோ ஆட்டோபாயிண்ட் போன்ற கட்டடங்களில் தளம் தளமாகப் பட்டறைகள் இயங்குகின்றன. எண்ணெய் மாற்றுவதற்கும் வழக்கமான பராமரிப்புக்கும் பலர் அங்குச் செல்கிறார்கள். ஆனால் மீட்டுக்கொள்ளும் அறிவிப்பின்கீழ்ச் செய்யப்படும் இலவச வேலையை, உற்பத்தியாளர் குறிப்பிடும் நிலையத்தில்தான் செய்ய வேண்டும். அங்குத்தான் திருத்தப்பட்ட பம்பு பொருத்தப்படும். வேலை முடிந்ததும் பதிவேட்டிலும் குறிக்கப்படும். வழக்கமாகச் செல்லும் பட்டறைக்காரர் நல்லவராகவே இருந்தாலும், இந்த வேலைக்கு அவரிடம் பணம் கொடுத்து மாற்றுவது தேவையற்ற செலவு. தாமே பம்பைக் கழற்றிப் பார்க்க முயல்வதோ பெரும் ஆபத்து. தொட்டியைத் திறந்ததும் வெளிவரும் பெட்ரோல் ஆவி, ஒரு சிறு பொறி பட்டாலே தீப்பற்றிக்கொள்ளும்.

ஐந்தாவதாக, வேலை முடிந்ததற்கான தாளைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். பின்னாளில் காரை விற்கும்போது, வாங்குபவருக்கு அது நம்பிக்கை தரும். அதைவிட முக்கியமாக, அடுத்து அந்தக் காரில் ஏறப்போகும் குடும்பத்துக்கு அது ஒரு பாதுகாப்பு.

வழியில் கார் நின்றுவிட்டால்

விரைவுச்சாலையில் எஞ்சின் வலுவிழப்பதை உணர்ந்தால், உடனே அபாய விளக்குகளை எரியவிட வேண்டும். கார் இன்னும் உருண்டுகொண்டிருக்கும்போதே, பின்னால் வரும் வாகனங்களைக் கவனித்து, படிப்படியாக இடப்பக்கம் நகர்ந்து சாலையோரத் தடத்தை அடைய முயல வேண்டும். காரை முடுக்கும் பொத்தானையோ சாவியையோ பதற்றத்தில் முழுமையாக அணைத்துவிடக் கூடாது. கார் ஓடும்போது அப்படிச் செய்தால் திசைமாற்றுச் சக்கரம் பூட்டிக்கொள்ளலாம்.

கார் நின்றதும், பாதுகாப்பாக இறங்க முடிந்தால், அனைவரும் சாலையோரப் பக்கமாக இறங்கி, தடுப்புக்கம்பிக்கு அப்பால் நிற்பது நல்லது. காருக்குப் பின்னால் நின்று பழுதைப் பார்ப்பதும், சாலையைக் கடந்து ஓடுவதும் உயிருக்கு ஆபத்தானவை. சிங்கப்பூரின் விரைவுச்சாலைகளைக் கண்காணிக்கும் எமாஸ் அமைப்பின்கீழ் வாகன மீட்புச் சேவை உள்ளது. பழுதாகி நிற்கும் வாகனத்தை அது அருகிலுள்ள குறிப்பிட்ட கார் நிறுத்துமிடத்துக்குக் கட்டணமின்றி இழுத்துச் செல்லும். அவர்கள் வந்து சேரும்வரை பொறுமையாகக் காத்திருப்பதே அறிவுடைமை.

படிப்பவரின் பங்கு

வாகனங்களை மீட்டுக்கொள்ளும் முறை, மக்கள் பேசியதால் வலுப்பெற்ற ஒன்று. 1960களில் அமெரிக்காவில் கார்களின் பாதுகாப்புக் குறைகள் குறித்துப் பலர் கேள்வி எழுப்பினார்கள். அதன் விளைவாக 1966ஆம் ஆண்டு அங்கு வாகனப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவிலும் நெடுங்காலம் நிறுவனங்களின் விருப்பத்தைப் பொறுத்திருந்த இந்த முறைக்கு, 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் சட்டவலிமை தந்தது. ஒரு கார் வழியில் நின்றுபோனதை அதன் உரிமையாளர் முறையாகத் தெரிவிக்கும்போது, அது ஒரு தனிமனிதரின் புகாராக மட்டும் இருப்பதில்லை. அத்தகைய பல புகார்கள் ஒன்றுசேரும்போதுதான் குறையின் வேர் வெளிச்சத்துக்கு வருகிறது.

உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குக் கார் ஓட்டும் வயது இன்னும் வரவில்லை. ஆனால் கடிதங்களையும் அறிவிப்புகளையும் படித்துப் பொருள் உணரும் திறன் அவர்களிடம் இருக்கிறது. பல வீடுகளில் பெரியவர்கள் நாள் முழுவதும் உழைத்துக் களைத்து வருகிறார்கள். சிலருக்கு ஆங்கிலத்தில் வரும் நீண்ட கடிதங்களைப் படிப்பது எளிதாக இருப்பதில்லை. அலமாரியின் மேல் பிரிக்கப்படாமல் கிடக்கும் ஒரு கடிதத்தை எடுத்து, அதில் உள்ளதைத் தாத்தாவுக்கோ அத்தைக்கோ எளிய தமிழில் விளக்கிச் சொல்வது சிறிய உதவிதான். அச்சாணியும் சிறியதுதான்.

சிந்தித்துக் கலந்துரையாடுக

1. 'என் கார் நன்றாகத்தானே ஓடுகிறது' என்று ஒருவர் கூறினால், பனுவலில் உள்ள கருத்துகளைக் கொண்டு அவருக்கு எவ்வாறு விளக்குவீர்?

2. மாமாவின் தயக்கம் நியாயமானதா? வாழ்வாதாரம், பாதுகாப்பு ஆகிய இரண்டையும் கருத்தில் கொண்டு உம் கருத்தை எடுத்துரைக்க.

3. குறையை வெளிப்படையாக அறிவிக்கும் நிறுவனத்தின்மீது மக்களின் நம்பிக்கை கூடுமா, குறையுமா? காரணங்களுடன் குழுவில் கலந்துரையாடுக.

4. பழைய கார் ஒன்றை வாங்கவிருக்கும் உறவினர் ஒருவருக்கு, அவர் சரிபார்க்க வேண்டியவற்றைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் எழுதுக.